கிராங்க் நேராக இருக்கிறதா? பழைய புல்லட் எஞ்சின் பூட்டும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்



ஞாயிற்றுக்கிழமை தொழிற்பயிற்சி வகுப்பில் நடக்கும் பாடங்களை இம்மடலில் எழுதி வருகிறோம். கார்புரேட்டர் கழுவுவது பற்றியும் பிளக் இடைவெளி பார்ப்பது பற்றியும் எழுதியபோது, வீட்டில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்பட்டது. இந்த மாதப் பாடம் அப்படிப்பட்டதல்ல. பழைய புல்லட் எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பூட்டும்போது கிராங்க் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதைப் பற்றியது. பட்டறையில் நிற்கும் பிள்ளைகளுக்குத்தான் நேரடியாக உதவும். ஆனாலும் பெற்றோர் பக்கத்தைப் புரட்டிவிடாமல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இதில் எங்கள் தவறு ஒன்றும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் வகுப்பில் படித்து முடித்த ஒரு தம்பிக்கு, சொந்தமாக ஷெட் போட அறக்கட்டளையிலிருந்து கர்ழ் ஹஸன் கொடுத்தோம். வேண்டிய சாமான்களின் பட்டியலை அவர் எழுதிக் கொடுத்திருந்தார். இஷாவுக்குப் பிறகு நிர்வாகக் குழு உட்கார்ந்து அதை வரி வரியாகப் பார்த்தது. ஸ்பேனர் செட், புல்லர், டார்க் ரெஞ்ச் எல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டன. நடுவில் "டயல் கேஜ், காந்த ஸ்டாண்டு, வி-பிளாக் ஒரு ஜோடி" என்று ஒரு வரி. இது எதற்கு என்று கேட்டோம். "அளவு பார்க்கிறதுக்கு மாமா" என்றார். அளவு பார்க்க லேத்துப் பட்டறை இருக்கிறதே, தேவைப்படும்போது அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமே என்று சொல்லி அந்த வரியை அடித்தது வேறு யாருமல்ல, நாங்கள்தான். ஸதகா பணத்தைச் சிக்கனமாகச் செலவழித்த திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனோம்.

அவருக்குக் கிடைத்த முதல் முழு எஞ்சின் வேலை, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் 350 புல்லட். ஆசிரியரின் தகப்பனார் ஓட்டிய வண்டி. தம்பி குறை வைக்கவில்லை. சிலிண்டரை போர் போட்டு, புது பிஸ்டன், புது பிக் எண்ட் கிட், வால்வு எல்லாம் மாற்றிப் பூட்டினார். மூன்றாவது உதையில் வண்டி எடுத்தது. ஆசிரியர் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து வாரம் கழித்து, கியர் லீவர் இல்லாத பக்கம், அதாவது பிரைமரி செயின் கவருக்குள், உரசும் சத்தம் வர ஆரம்பித்தது. பிறகு ஹெட்லைட் மங்கியது. கவரைக் கழற்றினால் ஆல்டர்னேட்டரின் ரோட்டர் ஸ்டேட்டரில் உரசி, ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. மறுபடி எஞ்சின் கீழே இறங்கியது.

லேத்துப் பட்டறை அண்ணாச்சி கிராங்கை சென்டரில் ஏற்றி, டயல் கேஜ் வைத்துச் சுற்றினார். முள் 12 கோடு ஆடியது. கேஜில் ஒரு கோடு 0.01 மி.மீ. என்பதால் 0.12 மி.மீ. "எல்லாம் புதுசாப் போட்டிருக்கான் பாய். ஆனா கிராங்கு சுத்தலை, ஆடுது" என்றார். தம்பியைக் கேட்டோம். "ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன் மாமா, நேராத்தான் இருந்துச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஸ்கேலுக்குத் தெரிகிற அளவுக்கு அது நேராகத்தான் இருந்தது.

ஆசிரியர் எங்கள் அலுவலகத்துக்கு அஸருக்குப் பிறகு வந்தார். கோபப்படவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "பணம் பெரிசில்லைங்க. திறந்து பார்க்க முடியாத இடத்துல என்ன பண்ணினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அதற்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. இந்தப் பாடத்தை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

இனி பாடத்துக்கு வருவோம். வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கு கிராங்க் என்ன என்று சொல்ல வேறெங்கும் போக வேண்டாம். கால் தையல் மெஷினைப் பார்த்தால் போதும். மிதிப்பலகை மேலும் கீழும் ஆடுகிறது. அதிலிருந்து ஒரு கம்பி போய்ப் பெரிய சக்கரத்தின் நடுவில் அல்லாமல் சற்றுத் தள்ளிப் பிடித்திருக்கிறது. அதனால் ஆட்டம் சுற்றலாகிறது. எஞ்சினில் மிதிப்பலகையின் இடத்தில் பிஸ்டன், கம்பியின் இடத்தில் கனெக்டிங் ராடு. சற்றுத் தள்ளிப் பிடிக்கும் அந்த இடம்தான் கிராங்க் பின்.

350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. ஆகவே பின் இருப்பது சக்கரத்தின் மையத்திலிருந்து 45 மி.மீ. தள்ளி. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்தில் பிறந்த இந்த எஞ்சின், 1955-ல் அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்த பிறகு திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. ரெட்டிச்சில் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் நம் சென்னையில் பல பத்தாண்டுகள் அதே வடிவில், இரும்பு சிலிண்டரோடு வந்துகொண்டிருந்தது. அதனால்தான் நம் பக்கத்து ஊர்களில் இன்றும் ஷெட்டுக்கு ஷெட் அது வந்து நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது ஒரு பிழைப்பு.

கார் எஞ்சினின் கிராங்க் பெரும்பாலும் ஒரே வார்ப்பாக இருக்கும். இதில் அப்படியில்லை. இரண்டு கனமான ஃபிளைவீல், ஒவ்வொன்றின் வெளிப்பக்கமும் ஒரு ஷாஃப்ட், இரண்டையும் சேர்க்கும் ஒரு பின். ஆக ஐந்து துண்டு. பிக் எண்ட் மாற்ற வேண்டுமானால் இந்தச் சேர்க்கையைப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்ததைச் சேர்க்கும்போது இரண்டு பக்க ஷாஃப்டும் ஒரே கோட்டில் வருகிறதா என்பதை, தொழிற்சாலையில் ஒருவர் பார்த்தது போல நாமும் பார்க்க வேண்டும். புது கிட் போட்டால் தானாக நேராகிவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

கொஞ்சம் ஆடினால் என்ன? நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. ஷாஃப்ட் ஒரே கோட்டில் இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கை ஒரு தடவை இந்தப் பக்கமும் ஒரு தடவை அந்தப் பக்கமும் வளைத்து இழுக்கிறது. முதலில் கைப்பிடியில் அதிர்வாகத் தெரியும். பழைய புல்லட் என்றாலே அதிரும்தானே என்று விட்டுவிடுவார்கள். பிறகு மெயின் பேரிங் இரையும். பிரைமரி செயின் ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தொங்கும். ஷாஃப்டின் நுனியில் இருக்கும் ரோட்டர், சுற்றியிருக்கும் ஸ்டேட்டரிலிருந்து மிகச் சிறு இடைவெளியில்தான் சுழல்கிறது. உரசுவதற்கு அது போதும். ஆசிரியர் வண்டியில் நடந்தது இதுதான்.

வேலை பிரிக்கும் முன்பே தொடங்குகிறது. கிராங்கை எஞ்சினிலிருந்து வெளியே எடுத்ததும், பின்னை அழுத்தி எடுப்பதற்கு முன்னால் ஒரு முறை சென்டரில் ஏற்றி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்தால், பேரிங் ஏன் தேய்ந்தது என்பதற்கும் விடை கிடைக்கும். ராடைச் செங்குத்தாகப் பிடித்து மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். புல்லட்டில் பிக் எண்டில் இருப்பது உள்ளும் வெளியும் சுழலும் மிதக்கும் புஷ். எண்ணெயைத் துடைத்துவிட்டால் மயிரிழை அசைவு தெரிவது இயல்பு. கைக்கு 'டக்' என்று அடி தெரிந்தால் புஷ் முடிந்துவிட்டது. பக்கவாட்டில் ராடு சற்று நகர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த இடைவெளி வேண்டியதே.

இரண்டு ஃபிளைவீலின் விளிம்பிலும் ஒரே கோடாகக் கீறி அடையாளம் வைத்துக்கொண்டு, நட்டுகளைக் கழற்றி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பின்னை வெளியே தள்ளுங்கள். சுத்தியலால் அடித்து எடுக்கிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்படி எடுத்தால் பின் உட்காரும் ஓட்டை காயப்படும். பிறகு எவ்வளவு நேராக்கினாலும் அங்கே பிடிப்பு இருக்காது.

சுத்தம் செய்வதில் ஒரு வேளை முழுதாகப் போனாலும் பரவாயில்லை. புல்லட்டில் எண்ணெய் டைமிங் பக்கக் கவரிலிருந்து கிராங்க் ஷாஃப்டின் நுனிக்குள் புகுந்து, ஃபிளைவீல் வழியாகப் பின்னுக்குள் போய் பிக் எண்டுக்குக் கிடைக்கிறது. இந்த வழி முழுவதும் கருப்புச் சேறு அடைத்திருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி விட்டு, காற்றடித்து, மறுமுனையில் காற்று வருவதைக் கையால் உணர்ந்த பிறகே அடுத்த வேலை. பூட்டும்போது பின்னின் எண்ணெய் ஓட்டை ஃபிளைவீலின் ஓட்டையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் கிராங்க் எவ்வளவு நேராக இருந்தும் பிக் எண்ட் வறண்டு சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். கவரில் இருக்கும் கார்க் சீலையும் புதிதாகப் போடுங்கள். மலிவான பொருள்தான், அது கசிந்தால் எண்ணெய் பின்னுக்குப் போகாமல் வெளியிலேயே வழிந்துவிடும்.

முதலில் பின்னை ஒரு ஃபிளைவீலில் அழுத்தி ஏற்றி, புஷ்ஷும் ராடும் மாட்டி, இரண்டாவது ஃபிளைவீலை வைக்க வேண்டும். முழுதாக அழுத்துவதற்கு முன், பின்னிலிருந்து கால் சுற்றுத் தள்ளி, விளிம்புகளின் மேல் நேரான இரும்பு ஸ்கேலைக் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் ஒரு சக்கரம் மற்றதைவிடத் திரும்பியிருக்கிறது. எதிர்ப்பக்கத்திலும் இதையே பாருங்கள். சரிசெய்துகொண்டு, ராடின் பக்கவாட்டு இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்தபடியே அழுத்துங்கள். நம் தம்பி இந்த இடத்தோடு நிறுத்திவிட்டார். ஸ்கேல் காட்டுவது தோராயம். அண்ணாச்சியின் 12 கோட்டை எந்த ஸ்கேலும் எளிதில் காட்டாது.

அளப்பதற்கு லேத்தின் இரு சென்டர்களுக்கு நடுவே பிடிப்பது நல்லது. ஷாஃப்டின் நுனியிலுள்ள சென்டர் குழிகளைத் துணியால் துடைத்து, பிசிறோ அடிபட்ட தழும்போ இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். குழி கெட்டிருந்தால் நல்ல கிராங்கும் ஆடுவதாகக் காட்டும். அதை நம்பிச் சுத்தியல் எடுத்தால் நேராக இருந்ததைக் கோணலாக்கிவிடுவீர்கள். இரண்டு டயல் கேஜ் இருந்தால் இரு பக்கமும் வைக்கலாம். ஒன்றுதான் இருந்தால் மாற்றி மாற்றி வையுங்கள். கேஜின் முனை, ஃபிளைவீலை ஒட்டி மெயின் பேரிங் உட்காரும் இடத்தில், மேலிருந்து கீழாகத் தொட்டிருக்கட்டும். கையால் மெதுவாகச் சுற்றி, முள் மிக அதிகமாகக் காட்டும்போது பின் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

கோணல் இரண்டு வகை. ஒன்று, ஒரு சக்கரம் பின்னைச் சுற்றிச் சற்றுத் திரும்பிவிட்டது. வகுப்பில் இதை 'முறுக்கு' என்கிறோம். அப்போது பின் பக்கவாட்டில், அதாவது மேலிருந்து கால் சுற்றுத் தள்ளி இருக்கும்போது, ஒரு பக்க முள் உச்சத்திலும் மறுபக்க முள் அடியிலும் இருக்கும். இரண்டும் எதிரெதிராக ஆடும். இதைத் திருத்த, கிராங்கை லேத்திலிருந்து இறக்கிவிட்டு, உச்சம் காட்டிய பக்கத்துச் சக்கரத்தின் விளிம்பில், உச்சம் காட்டிய அதே இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு தட்டு. மற்ற சக்கரம் அசையாமல் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். செம்பு அல்லது ஈயச் சுத்தியல் மட்டுமே. லேத்தில் இருக்கும்போதே தட்டினால் சென்டரும் கெடும், லேத்துக்காரரின் முகமும் கெடும்.

இரண்டாவது வகை, இரண்டு சக்கரமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் பின்னுக்கு எதிர்ப்பக்கத்தில் வாய் திறந்தோ மூடியோ இருப்பது. இதில் இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகும். பின் மேலே வரும்போது இரண்டும் உச்சம் காட்டினால், பின்னுக்கு எதிரே சக்கரங்களின் வாய் நெருங்கியிருக்கிறது. அங்கே ஆப்பு வைத்து மெல்லத் திறக்க வேண்டும். பின் கீழே இருக்கும்போது உச்சம் காட்டினால், எதிர்ப்பக்கம் வாய் அகன்றிருக்கிறது. அங்கே வைஸில் வைத்து நெருக்க வேண்டும். ஆப்பு கெட்டி மரமாகவோ அலுமினியமாகவோ இருக்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன பக்கக் கணக்கெல்லாம் நுனியைச் சென்டரில் பிடித்து, சக்கரத்தை ஒட்டி அளக்கும்போது மட்டுமே பொருந்தும். பேரிங் உட்காரும் இடத்தை வி-பிளாக்கில் வைத்து, ஷாஃப்டின் வெளி நுனியில் கேஜை வைத்தால் கணக்கு அப்படியே தலைகீழாகும். வாய் அகன்றிருந்தால் அப்போது பின் மேலே வரும்போது உச்சம் காட்டும். வகுப்பில் மூன்று பிள்ளைகள் இதைத் தெரியாமல், நெருக்க வேண்டியதைத் திறந்து, 4 கோட்டை 9 கோடாக்கினார்கள். ஆகவே மனப்பாடம் செய்யாதீர்கள். இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே ஓரமாக ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு, தட்டுகளைச் சாய்த்து, நடுவில் ஒட்டிய பென்சில் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அடுப்படியில் செய்துபார்க்கலாம். உம்மாவின் அனுமதி வாங்கிக்கொண்டு.

பெரும்பாலும் இரண்டு கோணலும் கலந்தே இருக்கும். உச்சம் பின்னுக்கு நேரேயும் வராமல், கால் சுற்றுத் தள்ளியும் வராமல், நடுவில் எங்கேயோ வரும். முறுக்கை முதலில் எடுத்துவிட்டு வாயைப் பிறகு பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முறை சென்டரில் ஏற்றி அளக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஒரு கிராங்குக்கு இருபது தடவை ஏற்றி இறக்கியிருக்கிறோம். முள் எப்போதும் கோணலின் இருமடங்கைக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். முள் 4 கோடு ஆடினால் ஷாஃப்டின் மையம் விலகியிருப்பது 2 கோடு, அதாவது 0.02 மி.மீ. நம் வகுப்பின் அளவுகோல், முள்ளின் மொத்த ஆட்டம் இரு பக்கமும் 3 கோட்டுக்குள். 5 கோட்டைத் தாண்டினால் கேஸை மூடக்கூடாது.

என்ன செய்தும் ஒரு பக்கம் மட்டும் விடாமல் ஆடினால் தட்டுவதை நிறுத்திவிடுங்கள். அந்த ஷாஃப்ட் வளைந்திருக்கலாம், சக்கரத்தில் தளர்ந்திருக்கலாம், பின் உட்காரும் இடத்தில் ஒரு துணுக்கு இரும்புத் தூள் மாட்டியிருக்கலாம். மறுபடி பிரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அந்த நேரத்தில் வாடிக்கையாளரிடம் போய், ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, இன்ன செலவாகும் என்று சொல்ல நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். பேசிய கூலிக்கு மேல் கேட்கிறானே என்று நினைப்பாரோ என்று பயம். இதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. வண்டியைச் சொன்ன தேதியில் கொடுத்துவிடு, பெயர் கெடும் என்று வீட்டில் அவசரப்படுத்துகிறோம். பெயர் எதனால் கெட்டது என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறோம்.

நேராகிவிட்டது என்று தெரிந்ததும் பின் நட்டுகளை முழுதாக இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போதே 2 கோடு நகர்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். இதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். ராடு நேராக இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்: ராடின் மேல் முனையில் பிஸ்டன் பின்னைச் செருகி, கேஸின் மேல் முகத்தில் ஒரே உயரமுள்ள இரண்டு கட்டைகளை வைத்து அதன் மேல் பின்னை இறக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொட வேண்டும். இதைக் கிராங்கைக் கேஸில் வைத்த பிறகுதான் செய்ய முடியும் என்பதால் அந்தப் படியை மறந்துவிடாதீர்கள்.

கேஸில் வைப்பதிலும் பாடுபட்டதெல்லாம் வீணாக வாய்ப்பு உண்டு. பேரிங் இறுக்கமாக இருக்கிறதென்று ஷாஃப்டின் நுனியில் சுத்தியலால் அடித்தால், நேராக்கிய கிராங்க் அந்த அடியிலேயே முறுக்கிக்கொள்ளும். அலுமினியக் கேஸைச் சீராகச் சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று பொரிய வேண்டும், அந்தச் சூடு போதும். ஒரே இடத்தில் நெருப்பைக் காட்டாதீர்கள். அந்தச் சூட்டில் பேரிங் தானாக இறங்கும். ஷாஃப்ட் பேரிங்கில் ஏறும் பக்கத்தை இழுத்து ஏற்றுங்கள்; அடித்து ஏற்றாதீர்கள். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கும்போதே கிராங்கைக் கையால் சுற்றிக்கொண்டிருங்கள். எந்த இடத்தில் கனக்கிறதோ அங்கே நிறுத்தி, ஏன் என்று தேடுங்கள். கடைசியாக, கேஸுக்கு வெளியே நீட்டியிருக்கும் பிரைமரி பக்க ஷாஃப்டில் ஒரு முறை கேஜ் வையுங்கள். ரோட்டர் மாட்டியதும் அதற்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. பித்தளைத் தாளை விட்டு, கிராங்கைச் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் போகிறதா என்று பாருங்கள். இரும்புத் தாள் வேண்டாம், ரோட்டரின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும்.

இனி ஆசிரியரின் கேள்வி. மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றிருப்பதை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே படித்திருக்கிறார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்ன காரணத்தை யாரும் பொய்யென்று சொல்லவில்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதுதான் அவர் முன் வைக்கப்பட்ட கேள்வி. இந்த நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறோம். அரிசிக் கடைக்கும் துணிக் கடைக்கும் பொருத்திச் சொல்லியிருக்கிறோம். பட்டறைக்குப் பொருத்திப் பார்க்க ஆசிரியர் வர வேண்டியிருந்தது.

கிராங்க்கேஸை மூடிவிட்டால் உள்ளே இருப்பதை மேலே எடுத்து வைக்க வழியில்லை. ஆனால் அளந்ததை எழுதிய தாளை வைக்கலாம். இப்போது நம் வகுப்பில் படித்த பிள்ளைகள் எஞ்சின் வேலை முடித்தால் வண்டியோடு ஒரு சீட்டும் கொடுக்கிறார்கள். பிரிக்கும் முன் டைமிங் பக்கம் எத்தனை கோடு, பிரைமரி பக்கம் எத்தனை கோடு, பூட்டி நட்டு இறுக்கிய பின் எத்தனை கோடு, கேஸில் வைத்த பின் எத்தனை கோடு, தேதி, கையெழுத்து. 3 கோட்டுக்கு மேல் இருந்தால் அதையும் எழுத வேண்டும், ஏன் அப்படியே விட்டோம் என்பதையும் எழுத வேண்டும். கேஸை மூடும் முன் முள் சுற்றுவதைச் செல்பேசியில் படமெடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. கோடு என்றால் என்ன என்று வாடிக்கையாளர் கேட்பார், சொல்லிக்கொடுங்கள். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர் அடுத்த பட்டறையிலும் அதே சீட்டைக் கேட்டாராம். அங்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது என்று கேள்வி.

ஆசிரியர் வண்டியைத் தம்பி கூலி வாங்காமல் மறுபடி பூட்டிக் கொடுத்தார். பேரிங், ஸ்டேட்டர் செலவில் பாதியை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. அது தம்பிக்குச் செய்த உதவியாகக் கணக்கில் எழுதப்படவில்லை. பட்டியலில் ஒரு வரியை அடித்ததற்கான எங்கள் பங்காக எழுதப்பட்டது. அடுத்த ஆண்டறிக்கையில் அந்தத் தலைப்பிலேயே பார்ப்பீர்கள். இரு பக்கமும் 2 கோடு என்ற சீட்டை ஆசிரியர் வண்டிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.

டயல் கேஜ் இரண்டு, காந்த ஸ்டாண்டு இரண்டு, வி-பிளாக் ஒரு ஜோடி இப்போது பள்ளிவாசல் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. நம் ஊர்ப் பட்டறைக்காரர் எவரும், எந்தச் சமுதாயத்தவராயினும், லுஹருக்கும் அஸருக்கும் இடையே வந்து கையெழுத்திட்டு எடுத்துப் போகலாம். வாடகை கிடையாது. மூன்றாம் நாள் திருப்பித் தர வேண்டும். கேஜைப் பெட்டியில் வைத்தே கொண்டுபோங்கள். சட்டைப் பையில் போட்டு வண்டி ஓட்டினால் முள் கெட்டுவிடும், போன மாதம் ஒன்று அப்படிக் கெட்டது. சென்டரில் ஏற்றிப் பார்க்க லேத்து வேண்டுமானால் அண்ணாச்சி வெள்ளிக்கிழமை பகலில் நேரம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாம் ஜும்ஆ முடித்து வரும்வரை காத்திருப்பதாகவும் சொன்னார். அடுத்த ஞாயிறு வகுப்பில், இன்ஷா அல்லாஹ், கழற்றிய ஒரு கிராங்கை வைத்துச் செய்துகாட்டுவோம்.